ஆழ்கடல் பிட்டின் வாயில் சாக்குத்துணி

பாஸ்கல் வாயைத் திறந்தால் தாடிக்கொம்பு ரோட்டுக்குக் கடல் வந்துவிடும். அலை எழும், கப்பல் ஆடும், வெள்ளைக்காரன் பயந்து அழுவான், பாஸ்கல் மட்டும் அசையாமல் நிற்பார். துப்பறிவாளர் தமிழ்மதி அந்தக் கடலின் கரையில், அதாவது அவருடைய ஏ.சி. அறை சோபாவில், உட்கார்ந்து சகித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய உதவியாளர் சோலைமுத்து, கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அதையும் சேர்த்துச் சகித்துக்கொண்டிருந்தார்.

சுவர் முழுக்க ஒரு துளையிடும் கப்பலின் படம். கப்பலின் நடுவில் இரும்புக் கோபுரம். பாஸ்கல் தன் நாற்காலியைப் போட்டிருந்த விதத்தில் அந்தக் கோபுரம் அவர் தலையிலிருந்து முளைத்தது போல இருந்தது. அது தற்செயல் என்று தமிழ்மதி நம்பவில்லை.

"பதினெட்டு வருசம் மேடம். மூணு கிலோமீட்டர் தண்ணி, அதுக்குக் கீழ அதே அளவு பாறை. நங்கூரமே கெடையாது. கப்பலுக்கு அடியில பெரிய பெரிய காத்தாடி சுத்தும். அது சுத்தச் சுத்தக் கப்பல் ஒரே எடத்துல நிக்கும்."

"எங்க வீட்டுலயும் ஒரு காத்தாடி இருக்குங்க" என்றார் சோலைமுத்து. "அது சுத்துனாலும் சுத்தாட்டியும் வீடு ஒரே எடத்துலதான் நிக்குது."

பாஸ்கல் அதைக் காதில் வாங்கவில்லை. மற்றவர் பேச்சு அவர் காதுக்குள் போவதற்கு வழி கிடையாது போலும்.

"கருவி கிருவியெல்லாம் மத்தவனுக்கு. அடியில பாறை மாறுச்சுன்னா அடுத்த நிமிசம் தூளு மேல வரும். உள்ளங்கையில வாங்கி ஒரு தேய்ப்புத் தேச்சேன்னா சொல்லிருவேன், எண்ணெ இருக்கா இல்லையான்னு. எஞ்சினியர்க எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பானுக."

"நம்மூரு போர்வெல் மாதிரிதான போல" என்றார் சோலைமுத்து.

இது மட்டும் காதுக்குள் போய்விட்டது. பாஸ்கலின் கை டீ கிளாஸை மேசையில் சத்தமாக வைத்தது. "போர்வெல்லா? அத எந்தொழிலோட சேத்துப் பேசாதீங்க. அந்தப் புழுதிப் பயலுகளோட எனக்கு எந்தச் சங்காத்தமும் கெடையாது."

விஷயம் இதுதான். ஆழ்கடல் எண்ணெய்க் கிணறு தோண்டும் பிட்டுகள் தேய்ந்துபோனால் பாஸ்கலின் பட்டறைக்கு வரும். பிட் என்பது துளைக்குழாயின் நுனியில் மாட்டும் இரும்பு முகம். அதில் வரிசை வரிசையாகக் கறுப்பு வைரப் பற்கள். ஆலையில் செய்து எடுத்த வைரம். மோதிரத்தில் பதித்தால் சட்டைப் பித்தான் போலத் தெரியும். தேய்ந்த பல்லை எடுத்துவிட்டுப் புதிய பல்லைப் பற்றவைத்து அனுப்புவது இங்கே தொழில். சனிக்கிழமை முடித்துவைத்த ஒரு பிட் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தபோது காணாமல் போனது. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒருவர் பாஸ்கல். மற்றவன் டெக்னீசியன் அமலன். இன்று காலை யாரோ போனில் சொன்ன துப்பை வைத்துத் தேடியதில், ஆத்தூரில் அமலனுடைய தாய்மாமன் தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் பிட் கிடைத்தது. பற்கள் மட்டும் இல்லை. அத்தனையையும் யாரோ பிடுங்கியிருந்தார்கள்.

அமலனுக்குப் புதன்கிழமை விமானம். முதல் தடவையாக ஒரு துளையிடும் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. இன்று சாயங்காலம் பாஸ்கல் போலீஸில் புகார் கொடுத்தால் அவன் இருக்கை காலியாகப் பறக்கும். அவனுடைய அக்கா ரீனாதான் தமிழ்மதியைத் தேடி வந்தவள்.

"வைரம்னு நெனச்சுப் பிடுங்கிட்டான் மேடம்" என்று முடித்தார் பாஸ்கல். "சாயங்காலம் வரைக்கும் டைம் தாரேன். பய ஒத்துக்கிட்டான்னா பாப்போம்."

வெளியே வந்ததும் சோலைமுத்து கேட்டார். "என்ன தாயி, மொகத்தச் சுளிக்கிற?"

"இந்தாளு சொன்னதுல எது பொய்யின்னு தேடுறது கஷ்டம்ணே. நெசம் எதுன்னு தேடுறது ஈஸி. அவரு பேரு பாஸ்கல். அம்புட்டுத்தான் இப்பத்திக்கு."

ஆத்தூர்த் தோப்பில் தாய்மாமன் இஞ்ஞாசி மோட்டார் ரூம் வாசலிலேயே குத்தவைத்திருந்தார். அந்த அறைக்குக் கதவு இருந்தது. தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பியை முறுக்கியிருந்தார்கள். ஆடுகூட முட்டித் திறக்கலாம்.

"என் மருமயன் வெஞ்சனத்துக்குத் தேங்கா வேணும்னாக்கூட என்னயக் கேட்டுத்தான் எடுப்பான்மா. அவனப் போயி" என்று தொடங்கியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் பிட் நின்றது. ஒரு மூட்டை அரிசிக்குச் சற்றுக் குறைந்த எடை. பலமுள்ள ஒருவன் தனியாகவே மூச்சைப் பிடித்துத் தூக்கிவிடலாம். பல் இருந்த இடமெல்லாம் குழி. முகம் தரையைப் பார்க்க, குழாயில் மாட்டும் மரை மேலே நீண்டிருந்தது. அந்த மரையின் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதில் சாக்குத்துணியை முறுக்கி, பந்தாக்கி, இறுக்கமாக அடைத்திருந்தார்கள்.

தமிழ்மதி அதைப் பிடுங்கி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கைக்கு வந்தபடி திணித்த துணி அல்ல அது. இரண்டு முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே மடித்துச் செருகிய துணி. பழகிய கை.

"பல்லு பூராம் பிடுங்கிட்டு வாயப் பொத்தி வச்சிருக்கான்" என்றார் சோலைமுத்து. "சளி பிடிச்சிரும்னு பயந்திருப்பானோ?"

"அதுதான்ணே கேள்வி. நாசம் பண்ணிப் போட்ட சாமானுக்கு யாராவது மூடி போடுவாங்களா? இங்க பாருங்க, மரை சும்மா கெடக்கு. கிரீஸ் இல்ல, மூடி இல்ல. அமலனோட அக்கா காலையில சொன்னாங்கள்ல, பட்டறைல அவன் மொதல்ல மரைக்குத்தான் மூடி போடுவான், வீட்டுல தண்ணிப் பாட்டிலக்கூட மூடி திருகாம வைக்க விடமாட்டான்னு."

"அப்ப வந்தவன் மரையக் கண்டுக்காதவன். ஓட்டைய மட்டும் கண்டுக்கிறவன்."

"யாரு அப்படி?"

சோலைமுத்து தலையைச் சொறிந்தார். தெரியாதபோது மட்டும்தான் அவர் நகைச்சுவை இல்லாமல் இருப்பார்.

பதில் திரும்பும் வழியில் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. ஒரு போர்வெல் லாரி. அதன் பின்பக்கம் ஓரத்துக் காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைப் புழுதி பனைமர உயரத்துக்குக் கிளம்பி, ஸ்கூட்டரையும் அதன் மேல் இருந்த இரண்டு பேரையும் ஒரே நிறமாக்கியது. திட்டுவதற்குச் சோலைமுத்து வாயைத் திறந்தார். அதற்குள்ளும் கொஞ்சம் போனது.

மிசினை நிறுத்தினார்கள். குழாயின் நுனியில் இருந்த நீளமான இரும்பைக் கழற்றிக் கீழே சாய்த்தார்கள். சாய்த்த உடனே ஒருவன் ஒரு சாக்குத்துண்டை எடுத்தான். இரண்டு முறுக்கு. நுனியை மடித்தான். இரும்பின் துவாரத்துக்குள் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். அவன் கண் அந்தப் பக்கமே இல்லை. தூரத்தில் சோறு கொண்டு வரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ்மதி ஸ்கூட்டரை விட்டு இறங்கி, லாரியின் ஆபரேட்டரிடம் போனாள். அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள்.

"அதுக்கு எதுக்குங்க வாய அடைக்கிறாங்க?"

"ஏனுங்க, இதுகூடத் தெரியாதுங்களா? உள்ள பிஸ்டன் இருக்குதுங்க. காத்துல அடிச்சு அடிச்சுத்தான் கல்ல ஒடைக்குது. ஒரு பொடிக் கல்லு உள்ள போனாப் போச்சுங்க."

சொல்லிவிட்டு அவர் குழியோரம் குனிந்து, கடைசியாக வந்த தூளை உள்ளங்கையில் வாங்கி விரலால் தேய்த்தார். "ஈரம் தட்டுது" என்று தன் ஆட்களிடம் சொன்னார். தமிழ்மதியை அவர் ஏற்கெனவே மறந்திருந்தார்.

அவள் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அமலனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, கடல்ல தொளை போடுறப்ப அடியில ஒடைஞ்ச கல்லு மேல வர எம்புட்டு நேரமாகும்?"

"ஆழத்தப் பொறுத்துக்கா. ரெண்டு மணி, மூணு மணி நேரம்கூட ஆகும். குழாய் வழியா விடுற சேறு உள்ள போயி, அதத் தூக்கிக்கிட்டு அம்புட்டு தூரம் வரணும்ல."

"அதுவரைக்கும் அடியில என்ன பாறைன்னு எப்படித் தெரியும்?"

"பிட்டுக்குப் பின்னாலயே கருவி இருக்கும்க்கா. பாறைக்குள்ள மின்சாரம் எப்படிப் போகுது, எம்புட்டு ஓட்டை இருக்குன்னு அளக்கும். அளந்து, குழாய்க்குள்ள இருக்கிற சேத்துலயே துடிப்புத் துடிப்பா மேல அனுப்பும். மேல ஒக்காந்து நாடி பாக்குற மாதிரி பாப்பாங்க."

இந்த மேட்டுக்காட்டில் நின்றுகொண்டு தமிழ்மதி ஒரு கணம் அதைப் பார்த்தாள். வெளிச்சமே போகாத தண்ணீர். அதற்கும் கீழே, யாரும் பார்த்திராத பாறைக்குள், ஒரு சின்ன இரும்பு தட்டித் தட்டிச் சேதி சொல்கிறது. அந்தப் பெரிய மௌனத்தைப் போய் இந்தப் பாஸ்கல் தன் வாயால் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு. அந்தப் பிட்ட யாராவது சோதிக்க வரவேண்டியிருந்துச்சா?"

"நாளைக்கு எண்ணெய்க் கம்பெனி இன்ஸ்பெக்டர் மேடம் வாராங்க. லென்ஸ் வச்சு ஒவ்வொரு பல்லாப் பாப்பாங்க."

"பாத்திருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்?"

அமலனின் குரல் இறங்கியது.

"நான் ஒட்டலக்கா" என்றான். "போலிப் பல்லு. அரத்தால ஒரு இழுப்பு இழுத்தேன், கோடு விழுந்துச்சு. வைரத்துல கோடு விழாது. மாட்டேன்னு சொன்னேன். ஓனரே பத்தவச்சுட்டாரு. வெளிய சொன்னா அனுபவ சர்ட்டிபிகேட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னாரு. அது இல்லாட்டி கப்பல்ல ஏத்த மாட்டாங்க. அதான் வாயத் தெறக்கல."

"ரீனாவக் கூட்டிக்கிட்டு பட்டறைக்கு வா" என்று சொல்லி வைத்தாள்.

தோப்புக்குத் திரும்பி, குட்டியானை வண்டியில் பிட்டை ஏற்றிக்கொண்டு அவர்கள் பட்டறைக்குப் போனபோது பாஸ்கல் முற்றத்துக்கு ஓடி வந்தார். பக்கத்து ஷெட்டில் கிரானைட் அறுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் தூசி இந்தப் பக்கம் வந்தது.

"யாரக் கேட்டு எடுத்துட்டு வந்தீங்க? போலீஸ் பாக்க வேண்டிய எடம் அது."

"ஒங்க சாமான ஒங்ககிட்டயே ஒப்படைச்சிட்டோம்" என்றாள் தமிழ்மதி. வண்டிக்காரர் பிட்டை இறக்கி, மரை மேலே இருக்கும்படி வேலை மேசையில் நிறுத்தினார். "போலீஸ் வரட்டும். அதுவரைக்கும் அந்தப் புயல் கதையச் சொல்லுங்க. காலையில பாதியில விட்டுட்டீங்க."

சோலைமுத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இரண்டாம் தடவையும் அந்தக் கடலில் இறங்க அவருக்குத் தெம்பில்லை.

பாஸ்கலின் முகம் மாறியது. கோபத்தைவிடப் பெருமை அவருக்குச் சீக்கிரம் வரும். "அதுவா? வங்காள விரிகுடா. அலை நாலு மாடி ஒசரம். ஒரு பயலும் மேல வர மாட்டேங்கிறான். நான் தனியாப் போயி நிக்கிறேன்..."

காற்று வீசியது. கிரானைட் தூசி முற்றத்தைக் கடந்து வந்தது. பாஸ்கல் தமிழ்மதியின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். அவர் கை மட்டும் தனியாகப் போய் மேசையிலிருந்த வேஸ்ட் துணியை எடுத்தது. இரண்டு முறுக்கு. நுனியை மடித்தது. பிட்டின் துவாரத்துக்குள் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டு.

"...அலை வந்து அடிக்குது, நான் அசையல" என்றார் பாஸ்கல்.

"இப்ப எதுக்கு அத அடைச்சீங்க?"

"எத? ஓ. தூசி போகும்ல."

"போனா?"

"போனா பிஸ்டன்—"

கிரானைட் மிசின்கூட அந்த நேரம் பார்த்து நின்றது. பட்டறைக்குள் வேலை செய்துகொண்டிருந்த இருவர் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். பாஸ்கலின் வாய் திறந்தபடியே இருந்தது. முதல் தடவையாக அதிலிருந்து கடல் வரவில்லை.

"இந்தப் பிட்டுக்குள்ள பிஸ்டன் ஏதுண்ணே?" என்று சோலைமுத்து அக்கறையாக விசாரித்தார். "இது வழியா மண்ணும் சேறும்தான போகும்? வேற எங்கயோ பாத்த ஞாபகத்துல சொல்லிட்டீங்களோ?"

தமிழ்மதி கைப்பையிலிருந்து சாக்குப் பந்தை எடுத்து, அவர் அடைத்த துணிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே முறுக்கு. அதே மடிப்பு.

"எத்தன வருசம் போர்வெல் வண்டில இருந்தீங்க பாஸ்கல்? மூணு மணி நேரம் கழிச்சு வர்ற கல்லு ஒங்க கைக்கு மட்டும் அடுத்த நிமிசம் வருதே, அப்பவே நெனச்சிருக்கணும். திருடுனதுகூடப் பரவால்ல. இன்ஸ்பெக்டர் கண்ணுல படக் கூடாதுன்னு போலிப் பல்லப் பிடுங்கிட்டு, வைரத் திருட்டுன்னு ஒரு பையன் தலையில கட்டி, அவன் மாமன் தோப்புல கொண்டு போயி வச்சு, அப்புறம் தூசி போகக் கூடாதுன்னு வாய வேற மூடி வச்சிருக்கீங்க பாருங்க. திருடுறப்பக்கூடப் பழைய தொழில மறக்க முடியல. அந்தத் தொழிலச் சொல்லிக்க மட்டும் வெக்கம்."

பாஸ்கல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கப்பல் படம் இல்லாத இடத்தில் அவர் ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார். ஆனால் யோசிக்கத் தெரிந்த ஆள். வாசலில் ரீனாவோடு வந்து நின்ற அமலனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"சரி. புகார் இல்ல. திருட்டே நடக்கல. இன்ஸ்பெக்டரம்மாகிட்ட, பல்லு சரியா ஒட்டல, நாங்களே எடுத்துட்டோம்னு சொல்லிக்கிறேன். தம்பியோட சர்ட்டிபிகேட்டு உள்ள ரெடியா இருக்கு, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தாரேன். நீங்க என்னப் பத்தி வெளிய பேசுனா அந்தக் கையெழுத்து செல்லுமா? போர்வெல்காரன் குடுத்த கடல் சர்ட்டிபிகேட்டுக்கு எவன் கப்பல்ல எடம் தருவான்? யோசிச்சுக்கங்க."

தமிழ்மதி யோசித்தாள். அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் பையன் புதன்கிழமை பறப்பான். இந்த ஆளும் இன்னொரு பிட்டில் இன்னொரு போலிப் பல்லை ஒட்டுவான். மூன்று கிலோமீட்டர் தண்ணீருக்குக் கீழே அது உடையும். மொத்தக் குழாயையும் மேலே இழுத்துத் திரும்ப இறக்கும்வரை ஒரு கப்பலே சும்மா நிற்கும். இவ்வளவும் தெரிந்தும் சரி என்று சொல்ல அவள் நாக்கு நுனிவரை வந்திருந்தது. பாஸ்கல் மேல் இருந்த அருவருப்பில் கொஞ்சம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

"நீ சொல்லு தம்பி" என்றாள்.

அமலன் பாஸ்கலைப் பார்க்கவில்லை. பிட்டைப் பார்த்தான். ஒவ்வொரு குழியாக விரலை வைத்துப் பார்த்தான். பிடுங்கிய அவசரத்தில் குழிகளின் ஓரம் பிய்ந்திருந்தது. அவன் முகம் அங்கேதான் கறுத்தது.

"டேய், கப்பல் போயிரும்டா" என்றாள் ரீனா மெதுவாக.

"தெரியும்க்கா."

போனை எடுத்தான். "வணக்கம் மேடம், திண்டுக்கல் பட்டறைலருந்து அமலன் பேசுறேன். நாளைக்கு நீங்க பாக்க வர்ற பிட்டு ரெடியா இல்ல. போட்ட பல்லு அம்புட்டும் போலி. எனக்குச் சனிக்கிழமையே தெரியும் மேடம். சொல்லாம இருந்துட்டேன்."

பாஸ்கல் எழுந்தார். சோலைமுத்து அவர் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். "செத்த நேரம் அசையாம இருங்க. நாலு மாடி அலைக்கே அசையாத ஆளு."

எதிர்முனையில் நீளமாக ஏதோ கேட்டார்கள். அமலன் அரத்தைப் பற்றிச் சொன்னான். பற்றவைக்கும் சூட்டைப் பற்றிச் சொன்னான். எந்தக் குழியில் எந்தக் கோணத்தில் பல் உட்கார வேண்டும் என்று, கேட்காமலே, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். பிறகு நிறுத்தி, அந்தப் பக்கத்துக் கேள்வியைக் கவனித்தான். ஸ்பீக்கர் இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது. இதையெல்லாம் அங்கே யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார் அந்த அம்மா.

பாஸ்கல் தலையைத் தூக்கினார். இத்தனைக்குப் பிறகும் அவர் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது.

"தேஞ்சு வந்த பிட்டுகளப் பாத்துப் படிச்சேன் மேடம்" என்றான் அமலன். "இங்க சொல்லிக்குடுக்க ஆள் கெடையாது."